சேவல் எந்த மொழியில் கூவுகிறது?

ஒரு காலத்தில் ஸ்பானிஷ் பேசிய குழந்தையை அடித்த அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகள் பின்னர் அந்த மொழியைப் பாடமாகவே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தன. எந்தப் பாட்டை, எந்தக் கதையை, எந்த விளையாட்டை வகுப்புக்குக் கொண்டுபோவது என்பதில்தான் இப்போது சிக்கல்.

1954ஆம் வருடம். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையிலிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி இருக்கும் மார்ஃபா என்ற சின்ன ஊர். அங்குள்ள பிளாக்வெல் பள்ளியின் கொடிக்கம்பத்தடியில் ஒரு சவ அடக்கம் நடந்தது. அடக்கம் செய்யப்பட்டவரின் பெயர் 'மிஸ்டர் ஸ்பானிஷ்'. இனி பள்ளியில் ஸ்பானிஷ் பேச மாட்டேன் என்று மாணவர்கள் ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதினார்கள். சீட்டுகள் பெட்டிக்குள் போயின. பெட்டி குழிக்குள் போயிற்று.

அது மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட பள்ளி. சீட்டு எழுதியவர்கள் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எந்த மொழியில் சாப்பாடு கேட்டிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பள்ளி வளாகத்துக்குள் ஒரு ஸ்பானிஷ் வார்த்தை வாய் தவறி வந்தாலும் மரத்துடுப்பால் பின்புறத்தில் அடி விழும் என்பதை அங்கே படித்தவர்கள் முதுமையிலும் மறக்கவில்லை. 1965இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது.

காலம் தலைகீழாகிவிட்டது. இன்று அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கும் மேல். ஆங்கிலம் தவிர வேறு மொழி கற்பிக்கும் தொடக்கப்பள்ளிகளில் பெரும்பாலானவை ஸ்பானிஷைத்தான் கற்பிக்கின்றன. 2008இல் நாடு தழுவிய ஒரு ஆய்வு எடுத்த கணக்குப்படி அத்தகைய பள்ளிகளில் 88 சதவீதத்தில் ஸ்பானிஷ் இருந்தது. புதைத்த மொழியை வெளியே எடுத்தாகிவிட்டது. ஆனால் அதை எந்த உடுப்பில் வகுப்பறைக்கு அழைத்துவருவது?

கேள்வி சின்னதாகத் தோன்றலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், நாளுக்கு அரைமணி நேரம் ஸ்பானிஷ் எடுக்கும் ஆசிரியைக்கு இது தினசரித் தலைவலி. அவர் முன்னால் இரண்டு விதமான குழந்தைகள். ஒருவருக்கு ஸ்பானிஷில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குப் பாட்டியோடு பேசும் மொழியே அதுதான். முதல் குழந்தைக்கு அலுப்புத் தட்டக்கூடாது. இரண்டாவது குழந்தைக்குத் தன் வீட்டைக் கேலி செய்வதாகத் தோன்றக்கூடாது. ஒரே அரைமணிக்குள் இரண்டையும் சாதிக்க வேண்டும்.

தொப்பியும் மீசையும்

சுலபமான வழி ஒன்று வெகுகாலமாகவே இருக்கிறது. அகன்ற வைக்கோல் தொப்பி, முறுக்கு மீசை, கள்ளிச்செடி, ஒரு தட்டில் டாக்கோ. வருடத்துக்கு ஒருமுறை மே 5ஆம் தேதி வண்ணக் காகிதம் ஒட்டி ஒரு விழா. அதோடு 'பண்பாடு' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடலாம்.

மே 5 மெக்சிகோவின் சுதந்திர தினம் என்று நினைக்கும் அமெரிக்கர்கள் நிறைய. உண்மையில் அது 1862இல் புவெப்லா நகரில் பிரெஞ்சுப் படையை மெக்சிகோ தோற்கடித்த நாள். சுதந்திர தினம் செப்டம்பர் 16. மே 5இன் ஆரவாரம் மெக்சிகோவைவிட அமெரிக்காவில்தான் அதிகம். ஸ்பானிஷை ஆட்சிமொழியாகக் கொண்ட நாடுகள் 20. போர்டோ ரிக்கோ தனி. அங்கெல்லாம் இருந்து வந்த குழந்தைகளுக்கும் சேர்த்து மெக்சிகோவின் ஒரு போர் நாளைக் கொண்டாடி முடிப்பது, இந்தியா முழுவதையும் ஒரே மாநிலத்தின் ஒரே பண்டிகையில் அடக்குவது போலத்தான்.

இன்னொரு ஆபத்து சிரிக்கச் சிரிக்க வரும். 2003இல் வெளிவந்து விற்பனையில் சக்கைபோடு போட்ட படப்புத்தகம் 'ஸ்கிப்பிஜான் ஜோன்ஸ்'. சயாமியப் பூனைக்குட்டி ஒன்று தன்னை மெக்சிகோவின் சிவாவா நாயாகக் கற்பனை செய்துகொள்கிறது. ஆங்கில வார்த்தைகளின் வாலில் 'இட்டோ' ஒட்டிப் பேசுகிறது. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆசிரியர்களும் 'ஸ்பானிஷ் கலந்த புத்தகம்' என்று வகுப்பில் வாசித்தார்கள். பிறகு விமர்சனம் கிளம்பியது. இது ஸ்பானிஷே இல்லை, ஸ்பானிஷ் பேசுகிறவர்களைப் போல நடித்துக் காட்டும் கேலி என்று ஆய்வாளர்கள் சாடினார்கள்.

அந்த 'இட்டோ'வுக்கு ஸ்பானிஷ் வீடுகளில் வேறு மதிப்பு. பாட்டி 'அபுவேலா', ஆசையாகக் கூப்பிட்டால் 'அபுவேலிட்டா'. நாம் பெயரோடு 'குட்டி' சேர்த்து அழைக்கும் அதே வாஞ்சை. ஒரே விகுதி ஒரு புத்தகத்தில் நையாண்டி, ஒரு வீட்டில் கொஞ்சல். வகுப்புக்கு எது போகிறது என்பது தேர்ந்தெடுப்பவரின் கையில்.

மூன்றாவது பள்ளம் மொழிபெயர்ப்பு. ஆங்கிலப் பாலர் பாட்டுகளை வரிக்கு வரி ஸ்பானிஷில் மாற்றி அச்சிட்ட புத்தகங்களுக்குக் குறைவில்லை. அர்த்தம் வந்துவிடும், எதுகையும் தாளமும் வழியிலேயே இறங்கிவிடும். ஆறு வயதுக் குழந்தைக்குப் பாட்டில் அர்த்தத்தைவிடத் தாளம் முக்கியம். வாசிக்கக் கற்கும் முறையும் வேறு. ஆங்கிலக் குழந்தை எழுத்தெழுத்தாக ஒலி கூட்டுகிறது. ஸ்பானிஷில் வழக்கமாக ம, மே, மி, மோ, மு என்று அசை அசையாக ஏறிப் போவார்கள். நம் உயிர்மெய் வரிசையைச் சொல்லிப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆங்கில வாசிப்புப் புத்தகத்தை அப்படியே ஸ்பானிஷில் பெயர்த்தால் இந்த ஏணி காணாமல் போகிறது.

கரப்பான்பூச்சியின் சுயம்வரம்

இந்தப் பள்ளங்களை முதலில் கண்டவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை அல்ல, நூலகர். போர்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க் வந்த புரா பெல்ப்ரே 1921இல் ஹார்லெம் பகுதியில் 135ஆவது தெருவில் உள்ள பொது நூலகக் கிளையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நூலக அமைப்பில் வேலைக்கு வந்த முதல் போர்டோ ரிக்கோக்காரர் அவர். குழந்தைகள் பகுதியில் உலகத்து நாட்டுப்புறக் கதைகள் வரிசையாக இருந்தன. தன் பாட்டி சொன்ன கதை ஒன்றுகூட இல்லை.

கதை நேரத்தில் அச்சான புத்தகத்தில் உள்ள கதையைத்தான் சொல்லலாம் என்பது நூலக விதி. அச்சாகாத கதையைச் சொல்லத் தனி அனுமதி வாங்கினார் பெல்ப்ரே. சொன்ன கதை பெரேஸ் என்ற எலிக்கும் மார்ட்டினா என்ற கரப்பான்பூச்சிக்கும் நடந்த கல்யாணம். 1932இல் அதைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார்.

கரீபியன் பகுதியின் பல வீடுகளில் வழங்கும் கதை இது. வாசல் பெருக்கும்போது மார்ட்டினாவுக்கு ஒரு காசு கிடைக்கிறது. பவுடர் வாங்கிப் பூசிக்கொண்டு வாசலில் உட்காருகிறாள். மாப்பிள்ளைகள் ஒவ்வொருவராக வருகிறார்கள்: சேவல், பூனை, தவளை, வாத்து. சொல்லுகிறவரைப் பொறுத்து வரிசை மாறும். ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே கேள்வி கேட்கிறாள்: என்னோடு எப்படிப் பேசுவாய்? ஒவ்வொருவரும் தம் குரலில் கத்திக்காட்ட, பயந்துபோய் மறுக்கிறாள். எலியின் மெல்லிய குரல்தான் பிடித்துப்போகிறது. கடைசியில் அந்த எலி அடுப்பில் கொதிக்கும் பலகாரத்தை ருசி பார்க்கப் போய்ப் பானைக்குள் விழுந்துவிடுகிறது. ஸ்பெயினில் இதே கதையின் நாயகி ஒரு அலட்டல்காரச் சுண்டெலி.

மொழி கற்பிக்க இதைவிடத் தோதான சரக்கு கிடைப்பது கஷ்டம். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. மூன்றாவது மாப்பிள்ளை வருவதற்குள் ஸ்பானிஷே தெரியாத குழந்தையும் மார்ட்டினாவின் கேள்வியைச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிடும். பதில் வெறும் மிருகச் சத்தம். யாரும் தப்பாகச் சொல்ல முடியாது. கதை தெரிந்த குழந்தைக்கோ முடிவை முன்கூட்டியே சொல்லிவிடாமல் வாயைப் பொத்திக்கொள்ளும் சந்தோஷம். இரண்டு குழந்தைகளும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். அத்துடன், கரப்பான்பூச்சியின் கல்யாணமும் எலியின் சாவும் குழந்தைகளை மிரட்டும் என்று கவலைப்படாத ஒரு பண்பாடும் கதையோடு சேர்ந்தே வருகிறது.

பெல்ப்ரே நூலகத்தில் பொம்மலாட்டம் நடத்தினார். ஜனவரி 6 அன்று மூன்று ராஜாக்கள் திருநாளைக் கொண்டாடினார். ராஜாக்களின் ஒட்டகங்களுக்காக முந்தின இரவு பெட்டியில் புல் வைத்துவிட்டுத் தூங்குவது போர்டோ ரிக்கோக் குழந்தைகளின் வழக்கம். அவர் 1982இல் காலமானார். லத்தீன் அமெரிக்க வாழ்க்கையைச் சித்திரிக்கும் சிறந்த குழந்தை இலக்கியத்துக்கு 1996 முதல் அவர் பெயரில் விருது வழங்கப்படுகிறது. புத்தகம் தேடும் ஆசிரியர்களுக்கு அந்த விருதுப் பட்டியல் ஒரு கைவிளக்கு. மெக்சிகோவின் ஹலாப்பா நகரில் பிறந்து, 1994இல் அமெரிக்கா வந்து, சான் ஃபிரான்சிஸ்கோ நூலகத்தின் குழந்தைப் புத்தகங்களைப் பார்த்தே ஆங்கிலம் கற்ற யூயி மொராலெஸ் அந்த விருதைப் பலமுறை பெற்றவர்.

கோழிக்குஞ்சும் ஆமையும்

ஆங்கிலச் சேவல் 'காக்-எ-டூடுல்-டூ' என்கிறது. நம்மூர்ச் சேவல் 'கொக்கரக்கோ'. ஸ்பானிஷ் சேவல் 'கிகிரிகி'. நாய் அங்கே 'குவாவ் குவாவ்' என்று குரைக்கும். வேறு மொழி என்றால் உலகத்தை வேறு காதால் கேட்பது என்ற விஷயத்தை ஆறு வயதில் புரியவைக்க இதைவிடச் சின்னப் பாடம் இல்லை.

அதனால்தான் பல ஆசிரியைகள் பாட்டிலிருந்து தொடங்குகிறார்கள். பசிக்கும் குளிருக்கும் கத்தும் கோழிக்குஞ்சுகளுக்குத் தாய்க்கோழி சோளமும் கோதுமையும் தேடித்தரும் பாட்டு லத்தீன் அமெரிக்கா முழுக்கத் தெரியும். சிலி நாட்டின் இஸ்மாயேல் பர்ராகேஸ் எழுதியது. ஆனால் ஏறக்குறைய எல்லா நாட்டுக்காரர்களும் அது தங்கள் ஊர்ப் பாட்டென்றே நம்புகிறார்கள். பசி, குளிர், அம்மா, தூக்கம் என்று அன்றாட வார்த்தைகள் முழுவதும் அதில் இருக்கின்றன. இறக்கை விரித்து அணைத்துக் காட்டினால் மொழிபெயர்ப்பே தேவையில்லை.

மெக்சிகோவில் 1934 முதல் வானொலியில் ஒலித்த 'க்ரி-க்ரி' என்ற பாடும் சுவர்க்கோழியைத் தலைமுறைகள் கேட்டு வளர்ந்தன. அந்தப் பாத்திரத்தைப் படைத்தவர் பிரான்சிஸ்கோ கபிலோண்டோ சோலெர். அர்ஜென்டினாவின் மரியா எலெனா வால்ஷ் படைத்த மானுவேலிட்டா என்ற ஆமை, அழகுபடுத்திக்கொள்வதற்காகப் பெவாஹோ என்ற ஊரிலிருந்து பாரிஸுக்குப் போகிறது. பள்ளிப் பாடத்துக்காகத் தயாரிக்கப்பட்டவை அல்ல இவை. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் தங்கள் சொந்தக் குழந்தைகளுக்காகச் செய்தவை. அந்த வித்தியாசத்தைக் குழந்தைகள் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறார்கள்.

'அசல் சரக்கு கடினமாக இருக்குமே' என்பது வழக்கமான தயக்கம். அனுபவசாலிகள் அதற்குக் கண்டிருக்கும் வழி எளிது. பாடத்தைச் சுருக்க வேண்டாம். கேட்கும் வேலையைச் சுருக்கினால் போதும். ஒரு மளிகைக்கடை விளம்பரத் தாளை முழுக்க வாசிக்க முதல் வகுப்புக் குழந்தையால் முடியாது. ஆனால் தக்காளி எங்கே, என்ன விலை என்று விரல் வைத்துக் காட்ட முடியும். அடுத்த வருடம் அதே தாளை வைத்துக் கடை நடத்தலாம். பேருந்துச் சீட்டு, மிட்டாய்த் தாள், நாள்காட்டி எல்லாமே இப்படிப் பாடமாகும். செலவும் கிடையாது.

54 சீட்டு, ஒரு பிடி பயறு

மெக்சிகோ வீடுகளில் மேஜை மேல் விரியும் ஒரு விளையாட்டு இந்த ஆசிரியைகளின் செல்லம். பெயர் 'லொத்தேரியா'. நம் தம்போலா மாதிரி. எண்ணுக்குப் பதில் படம். மொத்தம் 54 சீட்டுகள். ஒவ்வொருவர் கையிலும் 16 படங்கள் கொண்ட அட்டை. கூப்பிடுகிறவர் சீட்டை எடுத்து அறிவிக்க, அட்டையில் அந்தப் படம் உள்ளவர் அதன்மேல் ஒரு பயறு வைப்பார். வரிசை நிரம்பினால் கத்த வேண்டியதுதான். இன்று பரவலாக வழங்கும் படங்கள் 1887இல் மெக்சிகோவில் கிளெமெண்டே ஹாக்கஸ் என்ற வியாபாரி அச்சிட்ட தொகுப்பிலிருந்து வந்தவை.

முதல் சீட்டு சேவல். கடைசிச் சீட்டு தவளை. நடுவில் சூரியன், நிலா, தர்ப்பூசணி, ஏணி, குடை. ஒவ்வொரு படத்தின் கீழும் பெயரோடு 'எல்' அல்லது 'லா' என்ற முன்னொட்டு இருக்கும். ஸ்பானிஷில் சூரியன் ஆண்பால், நிலா பெண்பால். ஆங்கிலக் குழந்தையை அழவைக்கும் இந்தப் பால் வேறுபாடு, நூறு தடவை சீட்டைக் கூவிக் கேட்டதில் இலக்கணம் என்றே தெரியாமல் நாக்கில் உட்கார்ந்துவிடும். கைதேர்ந்த கூப்பிடுகிறவர் படத்தின் பெயரை நேரடியாகச் சொல்லவும் மாட்டார். விடுகதை போட்டுச் சிரிக்கவைப்பார்.

ஆனால் அதே கட்டுக்குள் சங்கடமான சீட்டுகளும் உண்டு. கறுப்பின மனிதர், அபாச்சி பழங்குடியினர், குடிகாரர் ஆகியோரைப் பழைய காலத்துக் கேலிக் கண்ணோடு வரைந்த படங்கள். எட்டு வயதுக் குழந்தைகள், அதில் சிலர் கறுப்பர்கள், உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அந்தச் சீட்டை எடுத்துக் கூவ முடியுமா? அந்தச் சீட்டுகளைக் கட்டிலிருந்து நீக்கிவிட்டு ஆடலாம். மேல் வகுப்பாக இருந்தால் ஏன் நீக்கினோம் என்று பேசலாம். இன்னொரு வழியும் உண்டு: வெற்றுச் சீட்டுகளைக் கொடுத்து உங்கள் வீட்டுப் பொருளை வரையுங்கள் என்று சொல்வது. பாட்டி, அரிசிக் குக்கர், துணி துவைக்கும் எந்திரம், மாடிப்படி எல்லாம் சீட்டாகிவிடும். பண்பாடு என்பது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பழம்பொருள் அல்ல என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சோளப்பொரிக்கு எத்தனை பெயர்?

அடுத்த சிக்கல்: எந்த நாட்டு ஸ்பானிஷ்? சோளப்பொரியை எடுத்துக்கொள்ளலாம். மெக்சிகோவில் 'பலோமித்தாஸ்', அதாவது குட்டிப் புறாக்கள். அர்ஜென்டினாவில் 'போச்சோக்லோ', கொலம்பியாவில் 'கிரிஸ்பெத்தாஸ்', வெனிசுலாவில் 'கொத்தூஃபாஸ்', சிலியில் 'கப்ரித்தாஸ்', ஈக்வடாரில் 'கங்கில்'. கியூபாவில் 'குவாகுவா' பிடித்து வேலைக்குப் போவார்கள். அங்கே அது பஸ். சிலியில் 'குவாகுவா' தொட்டிலில் அழும். அங்கே அது கைக்குழந்தை. ஸ்பெயின்காரரிடம் 'தோர்த்தியா' கேட்டால் உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை வரும். மெக்சிகோவில் சோள ரொட்டி.

பாடநூல்கள் வழக்கமாக ஒரு சொல்லைச் 'சரி' என்று தேர்ந்தெடுத்து மற்றதை விட்டுவிடும். போர்டோ ரிக்கோக் குழந்தை ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்து 'சீனா' என்கிறது. அங்கே பழத்துக்கு அதுதான் பெயர். ஆசிரியை 'தப்பு, நராங்ஹா' என்று திருத்தினால் வீட்டில் அம்மாவுக்கும் ஸ்பானிஷ் தெரியாது என்று ஆகிவிடும். மார்ஃபாவின் மரத்துடுப்பு வேறு வடிவில் திரும்பி வந்ததாகவே அர்த்தம். கெட்டிக்கார ஆசிரியை சுவரில் வரைபடத்தை மாட்டி, யார் வீட்டில் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டு, அந்தந்த நாட்டில் சொல்லை எழுதி ஒட்டுகிறார். அந்த 'நராங்ஹா'வின் வேர் அரபி, பாரசீகம், சமஸ்கிருதம் வழியாகப் பின்னோக்கிப் போய்த் திராவிட மொழிகளைத் தொடுகிறது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. அந்த வகையில் நம் நாரத்தங்காய்க்குத் தூரத்துச் சொந்தம்.

நீ, நீங்கள் விவகாரமும் இருக்கிறது. ஸ்பானிஷில் நெருங்கியவரை 'து', மரியாதைக்குரியவரை 'உஸ்தெத்'. எல்லோரையும் 'யூ' என்றே அழைத்துப் பழகிய குழந்தைக்கு இது புது உலகம். அட்டவணை போட்டு விளக்கினால் ஏறாது. பாட்டிக்கு ஒரு கடிதம், நண்பனுக்கு ஒரு சீட்டு, கடைக்காரரோடு ஒரு பேச்சு என்று நடித்துப் பார்த்தால் புரியும். இதிலும் விதிவிலக்கு உண்டு. கொலம்பியாவின் சில பகுதிகளில் தாய் தன் குழந்தையையே 'உஸ்தெத்' என்பாள். கொங்கு நாட்டில் குழந்தையை 'வாங்க கண்ணு' என்று அழைப்பதைக் கேட்டவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது.

பண்டிகையில் இன்னும் கவனம் வேண்டும். நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோ வீடுகளில் இறந்தவர்கள் நாள். படத்துக்கு முன்னால் அவர்களுக்குப் பிடித்த பண்டம், மெழுகுவத்தி, குவியல் குவியலாகத் துலுக்கச் சாமந்தி. நம்மூர் மாலைகளில் தொங்கும் அந்தப் பூவின் தாய்நாடே மெக்சிகோதான். அமெரிக்க அரசுப் பள்ளியில் மதச் சடங்கு நடத்தக்கூடாது. சிலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். சிலர் அதை ஹாலோவீன் பேய் வேஷத்தோடு கலந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. அதை ஒரு குடும்பம் தன் மூத்தவரை நினைத்துக்கொள்ளும் நாளாக அறிமுகப்படுத்தி, தாத்தாவைப் பற்றி மூன்று வாக்கியம் ஸ்பானிஷில் எழுதச் சொல்லலாம். அந்த நாளின் மேல் உரிமை கொண்டாடுவது எவ்வளவு உணர்ச்சிகரமான விஷயம் என்பதை 2013இல் டிஸ்னி நிறுவனம் தெரிந்துகொண்டது. திரைப்படத்துக்காக அந்தப் பண்டிகையின் பெயரையே வணிக முத்திரையாகப் பதிவு செய்ய விண்ணப்பித்து, எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கியது. 2017இல் வந்த 'கோக்கோ' படத்துக்கு, எதிர்த்துக் கார்ட்டூன் போட்டவரையே ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டது.

மிட்டாய் விற்ற பையன்

எல்லாவற்றையும்விட நல்ல பாடப்பொருள் எங்கே கிடைக்கும் என்பதற்கு அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் ஒரு பதில் கிடைத்தது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் லூயிஸ் மோலும் அவர் குழுவினரும் ஆசிரியர்களை மாணவர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். குறை கண்டுபிடிக்க அல்ல, கற்றுக்கொண்டு வர. மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் வீடுகள் அவை. பணம் குறைவு. ஆனால் விவசாயம், கட்டட வேலை, மருந்து மூலிகை, வியாபாரம் என்று ஒவ்வொரு வீட்டிலும் அறிவு குவிந்து கிடந்தது.

ஒரு ஆசிரியை கண்டுபிடித்தது: தன் மாணவன் ஒருவன் மெக்சிகோ போய்வரும்போதெல்லாம் மிட்டாய் வாங்கிவந்து விற்கிறான். அடுத்து வகுப்பே மிட்டாயில் இறங்கியது. இரண்டு நாட்டு மிட்டாய்களிலும் என்னென்ன சேர்கிறது என்று ஒப்பிட்டார்கள். 'பிப்பிட்டோரியா' என்ற மெக்சிகோ மிட்டாயைச் செய்யத் தெரிந்த ஒரு தாய் வகுப்புக்கே வந்து செய்துகாட்டினார். அன்று அவர்தான் ஆசிரியை. 1992இல் வெளியான அந்த ஆய்வு கல்வியாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் ஒன்றாகிவிட்டது.

ஸ்பானிஷ் வகுப்புக்கு இதன் பொருள் வெளிப்படை. வைக்கோல் தொப்பி வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும்.

அரசியல் அவ்வளவு சுலபமாக விடுவதில்லை. கியூபப் புரட்சிக்குப் பின் மயாமி வந்த அகதிகளின் குழந்தைகளுக்காக 1963இல் கோரல் வே தொடக்கப்பள்ளி அரைநாள் ஆங்கிலம், அரைநாள் ஸ்பானிஷ் என்று தொடங்கிப் பெயர் வாங்கியது. உள்ளூர் ஆங்கிலக் குழந்தைகளும் கூடவே கற்றார்கள். 1968இல் இருமொழிக் கல்விச் சட்டம் வந்தது. 1998இல் கலிஃபோர்னியா வாக்காளர்களில் 61 சதவீதத்தினர் இருமொழி வகுப்புகளுக்குப் பெருமளவு பூட்டுப் போட்டார்கள். 2016இல் அதே மாநிலத்தில் 73 சதவீதத்தினர் அந்தப் பூட்டைத் திறந்தார்கள். தொடக்கப்பள்ளிகளில் வேற்றுமொழி கற்பித்தவை 1997இல் 31 சதவீதமாக இருந்து 2008இல் 25 சதவீதமாகக் குறைந்தன. பணம் குறையும்போது முதலில் வெட்டு விழுவது இந்த அரைமணி வகுப்புக்குத்தான்.

இழப்பு யாருக்கு என்பதை 2023இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கு காட்டுகிறது. அமெரிக்க லத்தீன் வம்சாவளியினரில் நான்கில் மூன்று பேர் ஸ்பானிஷில் நன்றாகப் பேசக்கூடியவர்கள். மூன்றாம் தலைமுறைக்கு வந்தால் அது மூன்றில் ஒருவராகச் சுருங்குகிறது. ஆனால் அடுத்த தலைமுறைக்கு ஸ்பானிஷ் தெரிய வேண்டும் என்று நினைப்பவர்கள் 85 சதவீதம். வேண்டும் என்ற ஆசைக்கும் வாயில் வரும் வார்த்தைக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி. ஊர்விட்டு ஊர் போன எந்தச் சமூகமும் அறிந்த இடைவெளி அது. அதை நிரப்பும் வாய்ப்பு பாட்டிக்கு அடுத்தபடி அந்த அரைமணி ஆசிரியைக்குத்தான் கிடைக்கிறது. அவர் கையில் இருப்பது கேலிப் பொம்மையா, கரப்பான்பூச்சியின் கல்யாணக் கதையா என்பது அதனால்தான் முக்கியமாகிறது.

மார்ஃபாவின் கதை 1954உடன் முடியவில்லை. 2007இல் பிளாக்வெல் பள்ளியின் பழைய மாணவர்கள், பலரும் தாத்தா பாட்டிகளாகிவிட்டவர்கள், மீண்டும் அங்கே கூடினார்கள். மிஸ்டர் ஸ்பானிஷை மண்ணிலிருந்து எடுக்கும் சடங்கை நடத்தினார்கள். அந்த மண் கட்டடத்தைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் 2022 அக்டோபரில் கையெழுத்தானது. ஒரு மொழியைப் புதைத்ததற்காக நினைவுச் சின்னமாகும் பள்ளி உலகத்தில் அதிகம் இருக்காது.

அன்று மண்ணிலிருந்து அவர்கள் தூக்கிக்காட்டியது ஒரு ஸ்பானிஷ் அகராதி.